மழைக்கு எழுப்பிய மாளிகை

நுழையும்முன்

கல்லால் எழுந்த கோயில்களையும் கோட்டைகளையும் கண்டு பழகியவர்க்கு மரத்தால் ஆன அரண்மனை ஒரு வியப்பு. கல் தானே நின்றுவிடும். மரம் அவ்வாறு நிற்பதில்லை. மழை மிகுந்த நிலத்தில் நானூறு ஆண்டுகளாக ஒரு மரமாளிகை நிற்கிறதென்றால் அதனைக் கட்டியவர் அறிந்திருந்த நுட்பங்கள் எவை? அதனைக் காத்துவருவோர் நாள்தோறும் செய்யும் பணி யாது? அம்மழையே ஆறாகி அருவியாகி விழும் இடம் அங்கிருந்து எவ்வளவு தொலைவு? ஒருநாட் பயணத்தில் இவற்றுக்கெல்லாம் விடை காண இயலும்.

இருமழை நாடு

தமிழகத்தின் பெரும்பகுதி வடகிழக்குப் பருவமழையையே நம்பியிருப்பது. கன்னியாகுமரி மாவட்டத்தின் நிலை வேறு. ஜூன் முதல் செப்டம்பர் வரை அரபிக்கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று ஒருமுறையும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்று மறுமுறையும் இங்கு மழை தருகின்றன. மேற்குத் தொடர்ச்சி மலை கடலை நெருங்கி வந்து நிற்பதால் முகில்கள் அதில் முட்டி நீரை இறக்கிவிடுகின்றன. தென்னையும் வாழையும் பலாவும் ரப்பரும் செழித்து நிற்பதும், ஊர்தோறும் குளங்கள் நிறைந்திருப்பதும், வீட்டுக் கூரைகள் செங்குத்தாகச் சரிந்திருப்பதும் இம்மழையின் விளைவுகளே.

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 15 கிலோமீட்டர் சென்றால் தக்கலை வரும். அங்கிருந்து பிரியும் கிளைச்சாலையில் இரண்டு கிலோமீட்டர் தொலைவில், வேளிமலையின் அடிவாரத்தில், பத்மநாபபுரம் அமைந்துள்ளது. கருங்கல் மதிலால் சூழப்பட்ட கோட்டையின் பரப்பு ஏறத்தாழ 185 ஏக்கர். அதனுள் ஆறு ஏக்கருக்குச் சற்று மிகுந்த இடத்தில் அரண்மனைக் கட்டடங்கள் ஒன்றோடொன்று தொடுத்து நிற்கின்றன. கோட்டைக்குள் இன்றும் மக்கள் வாழ்கின்றனர். பள்ளி செல்லும் பிள்ளைகளும் பால் வாங்கச் செல்வோரும் கடந்து செல்லும் தெருக்களின் நடுவே, ஒருகாலத்தில் ஒரு நாட்டையே ஆண்ட மனை இருக்கிறது.

அரண்மனையைக் குமரி வட்டாரத்தார் கொட்டாரம் என்பர். திங்கட்கிழமை அதற்கு விடுமுறை. ஏனைய நாள்களில் காலை ஒன்பது மணிக்குக் கதவு திறக்கும். நண்பகலில் சிறிது நேரம் மூடுவர். ஆதலின், காலையிலேயே அரண்மனையைக் கண்டுவிட்டுப் பிற்பகலில் அருவிக்குச் செல்வதே பயணிகள் பலரும் கொள்ளும் முறை.

தலைநகரம் வந்ததும் போனதும்

இவ்விடத்தின் பழம்பெயர் கல்குளம். 1601ஆம் ஆண்டளவில் வேணாட்டு மன்னர் இரவிவர்ம குலசேகரப் பெருமாள் இங்கு அரண்மனையைக் கட்டத் தொடங்கினார் என்பர். இன்று காணும் வடிவத்தின் பெரும்பகுதி 1729 முதல் 1758 வரை ஆண்ட மார்த்தாண்டவர்மர் காலத்தது. சிறுசிறு ஆட்சிகளாகச் சிதறிக் கிடந்த பகுதிகளை இணைத்துத் திருவிதாங்கூர் என்னும் நாட்டை உருவாக்கியவர் அவர். 1741ஆம் ஆண்டு குளச்சல் கடற்கரையில் டச்சுப் படையை வென்றதும் அவர் காலத்தில்தான். சிறைப்பட்ட டச்சுப் படைத்தலைவர் டிலனாய், பின்னர்த் திருவிதாங்கூர்ப் படையையே பயிற்றும் பொறுப்பேற்றார். அவரது கல்லறை அரண்மனைக்கு அருகில் உள்ள உதயகிரிக் கோட்டையில் இருக்கிறது.

1750ஆம் ஆண்டு மார்த்தாண்டவர்மர் தம் நாட்டைத் திருவனந்தபுரம் பத்மநாபசுவாமிக்குக் காணிக்கையாக்கி, இறைவனின் அடியவராக இருந்து ஆள்வதாக அறிவித்தார். கல்குளம் பத்மநாபபுரம் ஆனதும் அந்த ஈடுபாட்டால்தான். அவருக்குப் பின் ஆண்ட கார்த்திகைத் திருநாள் இராமவர்மர் காலத்தில், 1795இல், தலைநகரம் திருவனந்தபுரத்துக்கு மாறியது. அரசவை போயிற்று, அலுவலர் போயினர், அடுக்களைப் புகை நின்றது. அரண்மனை மட்டும் மழையில் நின்றது.

கூரையின் நுட்பம்

அரண்மனையின் முற்றத்தில் நின்று மேலே நோக்குவோர் கண்ணில் முதலில் படுவது சுவர் அன்று, கூரையே. ஒன்றன்மேல் ஒன்றாக, ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக, ஓட்டுக் கூரைகள் சரிந்து இறங்குகின்றன. ஒவ்வொன்றின் முகப்பிலும் முக்கோண வடிவில் செதுக்கிய மரப்பலகை அமைந்திருக்கிறது. அழகுக்காகச் செய்தது போலத் தோன்றினும் இவ்வமைப்பின் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு வேலை உண்டு.

சுட்ட மண்ணோடு சிறிதளவு நீரை உறிஞ்சும் இயல்புடையது. நீர் அதன்மேல் தேங்கினால் உள்ளிறங்கும். தேங்காமல் ஓடிவிட்டால் இறங்காது. கூரையைச் செங்குத்தாகச் சரித்ததன் காரணம் இதுவே. அடுத்து, கூரை சுவரோடு முடிவதில்லை. சுவரைக் கடந்து வெளியே நீண்டு, தாழ்ந்து இறங்குகிறது. காற்றோடு சாய்ந்து வீசும் மழை சுவரையும் மரத்தூணையும் தொடாதவாறு இந்தத் தாழ்வாரம் மறைக்கிறது. முகப்பின் முக்கோணப் பலகையில் இடைவெளி விட்டுச் செதுக்கியிருப்பதால், கூரையின்கீழ்ச் சேரும் வெப்பக்காற்று அதன் வழியே வெளியேறுகிறது. கீழிருந்து குளிர்காற்று ஏறுகிறது. இவ்வாறு காற்று இடையறாது நடமாடுவதால் கைமரங்களில் ஈரம் தங்குவதில்லை. கூரை உச்சியிலிருந்து சரிந்து இறங்கும் அக்கைமரங்களைக் குமரித் தச்சர் கழுக்கோல் என்று வழங்குவர்.

மரத்தைக் கெடுப்பது மழை என்று பொதுவாகக் கூறுகிறோம். உண்மையில் மரத்தை உண்பது பூஞ்சை. மரத்தின் ஈரப்பதம் ஏறத்தாழ 20 விழுக்காட்டிற்குக் கீழே இருக்குமாயின் பூஞ்சை அதில் வளர இயலாது. நனைந்த மரம் விரைவில் உலர்ந்துவிட்டால் கேடில்லை. நனைந்தது நனைந்தவாறே இருப்பின் கேடு தொடங்கும். ஆதலால், இத்தகைய கட்டடத்தின் உயிர் காற்றோட்டத்தில் உள்ளது. மூடி வைத்த வீடு விரைவில் பாழாகும் என்று ஊரார் கூறுவதன் பொருளும் இதுவே.

இனி, ஓடு ஒன்று உடைந்துவிட்டதாகக் கொள்வோம். அவ்வழியே இறங்கும் நீர் கழுக்கோலில் சொட்டும். கழுக்கோல் வழியாக வழிந்து, அது உத்திரத்தோடு சேரும் பொருத்தில் தங்கும். பொருத்து என்பது மரத்தில் வெட்டிய குழியும் அதனுள் செருகிய முளையும் ஆகும். காற்றுப் புகாத அக்குழியில் ஈரம் உலர்வதில்லை. வெளியே மரம் நன்றாகத் தோன்ற, உள்ளே முளை மெல்ல உளுத்துப்போகும். கரையானும் அங்கேதான் வரும். ஒருநாள் கழுக்கோல் தாழும், ஓடுகள் சரியும், மழை முழுதாக உள்ளே வரும். ஓர் ஓட்டை உரிய காலத்தில் மாற்றாததன் விலை ஒரு கூரை. பருவமழை தொடங்குமுன் கூரையில் ஏறி ஓடுகளைப் புரட்டிப் பார்க்கும் பழக்கம் ஓட்டு வீடுகளில் வாழ்ந்தோர்க்குத் தெரிந்ததே. அரண்மனைக்கும் அதுவே மருத்துவம்.

தெரிந்து தெளிவோம்

சன்னல் என்பது போர்த்துகீசிய மொழியிலிருந்து வந்த சொல். காற்று வரும் வழி என்னும் பொருளில் காலதர் (கால் - காற்று, அதர் - வழி) என்றும், பல கண்களை உடையது என்னும் பொருளில் பலகணி என்றும் தமிழில் பழஞ்சொற்கள் உண்டு. பத்மநாபபுரத்தின் சிறுதுளை மரச்சட்டங்களைக் காண்போர்க்குப் பலகணி என்னும் சொல்லின் பொருத்தம் விளங்கும்.

உள்ளே

வாயிலில் காலணிகளைக் கழற்றி வைத்துவிட்டே உள்ளே செல்லவேண்டும். முதலில் வருவது பூமுகம் என்னும் வரவேற்புக்கூடம். அதன் மேற்கூரை முழுவதும் மரத்தில் செதுக்கிய பூக்கள். தொண்ணூறு வகைப் பூக்கள் என்பர். ஒன்றைப்போல் மற்றொன்று இல்லை. அங்கே தொங்கும் குதிரை விளக்கு பலரையும் நிறுத்திவைக்கும். சங்கிலியில் தொங்கும் அவ்விளக்கை எப்பக்கம் திருப்பி விட்டாலும் அப்பக்கம் நோக்கியே நிற்கும். மீண்டும் சுழன்று திரும்பாது. கருங்கல் கட்டிலும், சீன வணிகர் அளித்ததாகக் கூறப்படும் நாற்காலியும், ஓணத் திருநாளில் மன்னர்க்குக் காணிக்கையாக வந்த வண்ண வில்களும் அங்குள்ளன. உள்நாட்டுச் சிற்றரசாகத் தோன்றினாலும் கடல்வழியே மிளகும் பிற பொருள்களும் விற்று உலகோடு உறவாடிய அரசு இது என்பதை அந்த நாற்காலி ஒன்றே காட்டிவிடும்.

பூமுகத்தின் மேல்தளம் மந்திரசாலை. அமைச்சர்களோடு அமர்ந்து மன்னர் ஆலோசித்த இடம். அதன் சாளரங்களில் கண்ணாடிக்கு மாறாக வண்ண அபிரகத் தகடுகள் பொருத்தப்பட்டுள்ளன. வெளிச்சம் அவற்றின் வழியே வடிகட்டப்பட்டு மங்கலாக உள்ளே வருகிறது. வெயிலின் சூடு வருவதில்லை. உச்சி வெயிலில் வெளியிலிருந்து அங்கே நுழைவோர் உடல் சட்டெனக் குளிர்வதை உணர்வர். மின்விசிறி இல்லாத காலத்தில் நெடுநேரம் அமர்ந்து பேசவேண்டியவர்களுக்காகத் தச்சர் செய்து கொடுத்த ஏற்பாடு இது.

தரை இன்னொரு வியப்பு. கருமையாக, முகம் தெரியும் அளவுக்கு வழவழப்பாக இருக்கும் அத்தரை கல்லன்று, சிமெண்டும் அன்று. தேங்காய்ச் சிரட்டையைச் சுட்ட கரி, சுண்ணாம்பு, முட்டையின் வெண்கரு, தாவரச் சாறுகள் ஆகியவற்றைக் குழைத்துப் பூசித் தேய்த்து மெருகேற்றியது என்பர். எல்லாம் அடுக்களையிலும் தோப்பிலும் கிடைப்பவை. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மெல்ல மெல்லக் கல்லாக இறுகும் தன்மையது. கரி நிறம் தந்தது. வெண்கரு பிணைப்பும் மெருகும் தந்தது. பூசியவரின் உழைப்பு நாள்கணக்கில் தேய்ப்பதில் இருந்தது. வெறுங்காலோடு நடக்கச் சொல்வதன் காரணம் இத்தரையைத் தொடும்போதே புலப்படும். செருப்பின் அடியில் ஒட்டிவரும் ஒரு மணற்பரல், ஆயிரம் பேர் காலடியில், உப்புத்தாளைப்போல வேலை செய்யும்.

ஊட்டுப்புரை இரண்டு தளங்களை உடையது. ஆயிரம் பேர்க்கும் மேல் அமர்ந்து உண்ணத்தக்க நீண்ட கூடங்கள். ஊறுகாய் போட்டு வைத்த பெரிய சீனச் சாடிகள் இன்றும் அங்குள்ளன. அரண்மனையின் மிகப் பழைய பகுதி தாய்க்கொட்டாரம். நடுவில் வானம் பார்த்த முற்றம். நான்கு புறமும் தாழ்வாரம். முற்றத்தில் மழை நேராக இறங்கும். நாற்புறமும் உள்ள அறைகளுக்கு ஒளியும் காற்றும் அவ்வழியே செல்லும். அங்கே நிற்கும் பலாமரத் தூணின் வேலைப்பாட்டைத் தனியே நின்று காணவேண்டும். பலா இந்நாட்டின் தோட்டத்து மரம். பழம் தந்த மரமே தூணாகவும் நிற்கிறது. தேக்கும் ஈட்டியும் பிற இடங்களில் பயன்பட்டுள்ளன.

இவற்றைச் செய்த தச்சர்களின் பெயர்களை நாம் அறியோம். மன்னர்களின் ஆட்சியாண்டுகள் நூல்களில் இடம்பெற்றுள்ளன. தொண்ணூறு பூக்களையும் வேறுவேறாகக் கருதிச் செதுக்கிய கைகள் எவருடையவை என்பதற்குச் சான்றில்லை. மணிமாளிகையில் உள்ள கடிகாரமும் உள்ளூர்க் கைவினைஞர் செய்தது என்று கூறப்படுகிறது. கயிற்றில் தொங்கும் எடைகள் மெல்லக் கீழிறங்க, அவ்விசையால் சக்கரங்கள் சுழலும் பொறி அது. அதன் மணியோசை மூன்று கிலோமீட்டர் தொலைவு கேட்கும் என்பர்.

நான்கு தளங்களாக உயர்ந்து நிற்கும் உப்பிரிக்கை மாளிகை மார்த்தாண்டவர்மர் கட்டியது. கீழ்த்தளம் கருவூலம். அதற்குமேல் மன்னர் பள்ளியறை. மருத்துவக் குணமுள்ள அறுபதுக்கும் மேற்பட்ட மரவகைகளால் செய்ததாகக் கூறப்படும் கட்டில் இம்மாளிகையைச் சேர்ந்தது. உச்சித் தளம் பத்மநாபசுவாமிக்கு உரியதாகக் கருதப்பட்டது; அதன் சுவர்களில் ஓவியங்கள் நிறைந்துள்ளன. இயற்கை வண்ணங்களால் தீட்டிய அவ்வோவியங்கள் மனிதர் மூச்சின் ஈரத்தால்கூடக் கெடும் ஆதலின், பொதுமக்களை அங்கே பொதுவாக ஏறவிடுவதில்லை. சென்றவர் சிலர் இதனால் மனம் வருந்துவதுண்டு. ஓவியம் இருப்பதற்கும் அதனை எல்லாரும் காண்பதற்கும் இடையே தேர்ந்தெடுக்கவேண்டிய நிலை வரும்போது, இருப்பதையே முதலில் கொள்ளவேண்டும்.

யாருடைய பொறுப்பு

1956 நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, தமிழ் பேசும் மக்கள் மிகுந்த தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் கன்னியாகுமரி மாவட்டமாகித் தமிழகத்தோடு இணைந்தன. நெடிய போராட்டத்தின் பயன் அது. பத்மநாபபுரமும் தமிழகத்தில் சேர்ந்தது. எனினும், அரண்மனையைப் பேணும் பொறுப்பு கேரள அரசின் தொல்லியல் துறையிடமே நீடிக்கிறது. ஒரு மாநிலத்தின் நிலத்தில் மற்றொரு மாநிலம் பேணும் நினைவுச்சின்னமாக இது விளங்குகிறது. எல்லைக்கோடு வரைபடத்தில் விழுந்தபின்னும், ஓடு மாற்றுவதும் தரையைத் துடைப்பதும் தடையின்றி நடந்துவருகின்றன. 2014ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலக மரபுச்சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இவ்வரண்மனை இடம்பெற்றது.

ஆண்டுதோறும் நவராத்திரிக்கு முன்னர் இந்த உறவு கண்முன் நிகழும். அரண்மனை வளாகத்திலுள்ள சரசுவதி அம்மன், வேளிமலைக் குமாரசுவாமி, சுசீந்திரம் முன்னுதித்த நங்கை ஆகிய திருவுருவங்கள் பத்மநாபபுரத்திலிருந்து ஊர்வலமாகத் திருவனந்தபுரத்துக்கு எடுத்துச் செல்லப்படுகின்றன. புறப்படுமுன் உப்பிரிக்கை மாளிகையில் மன்னரின் உடைவாளைக் கைமாற்றும் சடங்கு நடைபெறும். சரசுவதித் திருவுருவம் கம்பர் வழிபட்டது என்பது மரபுவழிச் செய்தி. தலைநகரம் சென்றுவிட்டபோதும், கலைமகள் ஆண்டுக்கு ஒருமுறை சென்று மீண்டும் தன் பழைய வீட்டிற்கே திரும்பிவருகிறாள்.

அருவிக்குச் செல்லும் வழி

பிற்பகலில் தக்கலையிலிருந்து வடமேற்காகத் திருவட்டாறு, குலசேகரம் வழியே செல்லும் சாலை ஏறியும் இறங்கியும் வளைந்தும் செல்கிறது. இருமருங்கும் ரப்பர்த் தோட்டங்கள். பட்டையைச் சாய்வாகச் சீவி, வழியும் பாலைச் சிரட்டையில் ஏந்தும் காட்சியை எங்கும் காணலாம். அரண்மனைத் தரையில் கரியாகக் கலந்த அதே தேங்காய்ச் சிரட்டை இங்கே மரத்தோடு கட்டிய கிண்ணமாகத் தொங்குகிறது. இப்போது பல தோட்டங்களில் நெகிழிக் கிண்ணங்களும் வந்துவிட்டன.

திருவட்டாற்றுக்கு அருகே மாத்தூர்த் தொட்டிப்பாலம் உள்ளது. இரு குன்றுகளுக்கு இடையே பறளியாற்றின் மேலாக, 28 தூண்களின்மீது, ஏறத்தாழ 115 அடி உயரத்தில் நீர் செல்லும் தொட்டி அது. காமராசர் காலத்தில் திட்டமிடப்பெற்று 1966இல் நிறைவடைந்தது. ஓர் ஆற்றின் தலைக்குமேல் இன்னொரு நீர் ஓடுகிறது. மழை மிகுந்த மாவட்டத்திலும் உயரமான நிலங்கள் வறண்டு கிடந்தன என்பதையும், அவற்றுக்கு நீர் கொண்டுசெல்ல எத்தகைய உழைப்புத் தேவைப்பட்டது என்பதையும் அப்பாலத்தின்மேல் நடப்போர் உணர்வர். நேரம் இருப்பின் அரைமணி அங்கே செலவிடலாம்.

திற்பரப்பு

நீர்வீழ்ச்சி என்னும் சொல் பிறமொழி வழக்கைத் தழுவி அமைந்தது. தமிழர் அதனை அருவி என்றே அழைத்தனர். கோதையாற்றில் அமைந்த திற்பரப்பு அருவி ஏறத்தாழ 50 அடி உயரத்திலிருந்து விழுகிறது. குற்றாலத்தைப்போல உயரத்திலிருந்து ஒற்றைத் தாரையாகக் கொட்டுவதன்று இது. அகன்ற பாறைமீது பரந்து, பல கிளைகளாகப் பிரிந்து, படிகளில் இறங்குவதுபோல் இறங்குகிறது. அருவிக்கு மேலே ஆற்றின் படுகை முழுதும் ஒரே பாறை. ஏறத்தாழ கால் கிலோமீட்டர் தொலைவுக்கு அப்பாறை நீள்கிறது. அதன் மேற்புறத்தில் ஒரு தடுப்பணை அமைத்து வயல்களுக்கு நீரைத் திருப்பியுள்ளனர். ஆண்டில் ஏழு மாதங்களளவு அருவியில் நீர் விழும்.

ஆகவே, அருவியில் விழுவது ஆற்றின் முழு நீரன்று. இன்னும் மேலே, மலையடிவாரத்தில், பேச்சிப்பாறை அணை இருக்கிறது. மூலம் திருநாள் ஆட்சியில், 1897 முதல் 1906 வரை, மிஞ்சின் என்னும் ஐரோப்பியப் பொறியாளர் மேற்பார்வையில் கட்டப்பட்டது. மலையில் பெய்த மழை முதலில் அணையில் தங்குகிறது, கால்வாய்களில் பிரிகிறது, தடுப்பணையில் மீண்டும் பிரிகிறது, எஞ்சியதே பாறைமீது அருவியாகிறது. குளிக்க வந்தவர் நீர் குறைவென்று குறைகூறும் நாளில், அந்நீர் எங்கோ ஒரு நாற்றங்காலில் நின்றுகொண்டிருக்கும்.

மாறாக, மலையில் மழை வலுத்து அணையிலிருந்து உபரிநீர் திறக்கப்படும் நாள்களில் அருவியின் தோற்றமே மாறிவிடும். கிளைகள் எல்லாம் ஒன்றாகிச் செந்நீராகப் பாயும். அருவிக்கரையில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே மேலே மலையில் மழை பெய்துகொண்டிருக்கக்கூடும் ஆதலின், அத்தகைய நாள்களில் குளிக்கத் தடை விதிக்கின்றனர். தடைக்கயிற்றைத் தாண்டிச் செல்வதைத் துணிவு என்று கருதும் இளைஞர்கள் உண்டு. பாசி படர்ந்த பாறையில் கால் வழுக்குவதற்குத் துணிவும் அச்சமும் வேறுபாடு இல்லை. சிறுவர்க்கென ஆழம் குறைந்த குளம் ஒன்று தனியே அமைக்கப்பட்டிருக்கிறது.

குளிப்பவர் கொண்டுவரும் சவர்க்காரமும் சீயக்காய்க்கு மாற்றாக வந்த நெகிழிப்பைக் குழம்புகளும் இன்னொரு கேடு. கிழித்தெறிந்த சிறுபைகள் பாறை இடுக்குகளில் மின்னிக்கொண்டிருக்கும். நுரை ஆற்றோடு போய்விட்டதாகக் குளித்தவர் எண்ணலாம். ஆனால், கோதையாறு அங்கே முடிந்துவிடுவதில்லை. சற்றுக் கீழே மூவாற்றுமுகத்தில் பறளியாற்றோடு கலந்து, குழித்துறை வழியாகச் சென்று, தேங்காய்ப்பட்டணத்தில் கடலை அடைகிறது. வழிநெடுகப் படித்துறைகள் உள்ளன. அந்நீரில் குளிப்போரும் துவைப்போரும் உள்ளனர். அதையே குடிநீராகக் கொள்ளும் ஊர்களும் உள்ளன.

அருவிக்கும் தடுப்பணைக்கும் இடையே, ஆற்றின் இடக்கரையில், கோட்டைபோன்ற மதிலுக்குள் மகாதேவர் கோயில் அமைந்திருக்கிறது. கல்குளமும் திற்பரப்பும் இருபது கிலோமீட்டர் இடைவெளி உடைய இரண்டு ஊர்கள். ஆனால், மாசி மாதச் சிவராத்திரியன்று அவை ஒரே பாதையின் இரு நிலைகளாகிவிடும். சிவாலய ஓட்டம் என்னும் வழிபாட்டில் திருமலையில் தொடங்கித் திருநட்டாலத்தில் முடியும் பன்னிரண்டு சிவன் கோயில்களை அடியவர் ஓடியும் நடந்தும் சென்று வணங்குகின்றனர். மூன்றாவது கோயில் திற்பரப்பு. ஏழாவது, பத்மநாபபுரம் கோட்டைக்குள் இருக்கும் கல்குளம் நீலகண்டசுவாமி கோயில். காவியுடை அணிந்து, கையில் பனையோலை விசிறியேந்தி, சிவன் கோயில்களுக்கு ஓடுவோர் வாயில் ஒலிப்பது கோவிந்தா, கோபாலா என்னும் திருமாலின் பெயர்! சைவமும் வைணவமும் பிணங்காமல் ஓடும் ஓட்டம் அது. பேருந்தில் ஒருமணி நேரத்தில் கடக்கும் இவ்வழியை, அடியவர் இரவும் பகலும் கால்களால் அளக்கின்றனர். அரண்மனை கட்டிய தச்சரும் இவ்வாறே நடந்திருப்பர். காட்டில் வெட்டிய மரங்களும் இத்தகைய வழிகளிலேயே வண்டிகளில் இறங்கியிருக்கவேண்டும்.

மாலை நான்கு மணிக்கு மேல் அருவியின்மீது வெயில் சாயும். ஈரத் துணிகளைப் பிழிந்துகொண்டு கூட்டம் கரையேறும். ஆற்றங்கரைக் கடைகளில் நேந்திரங்காய் வறுவலும் சூடான தேநீரும் விற்பனையாகும். மலைப்பக்கம் முகில் திரண்டிருந்தால், திரும்பும் பேருந்து குலசேகரத்தை அடையுமுன் மழை பிடித்துக்கொள்ளும். அதே நேரத்தில் பத்மநாபபுரத்தில் காவலர் மந்திரசாலையின் சாளரங்களைச் சாத்திவிட்டு, ஊட்டுப்புரையில் எங்கேனும் நீர் சொட்டுகிறதா என்று கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார்.